எதுல பாதி

இருபத்தைந்துக்கு ஒன்பது.
பேப்பரை மடித்து
அரிசி மூட்டைக்கு அடியில் செருகியிருந்தாள்.
மூட்டை தினமும் குறையும் என்பதை
யோசிக்காமல் விட்டுவிட்டாள்.

கத்தவில்லை என்று சொன்னால் பொய்.
குலமங்கலம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.
கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததால்
பாதிதான் காதில் விழுந்தது என்கிறாள் சக்திபிரியா.
எந்தப் பாதி என்று நான் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் செல்லூரில்
மாவு வாங்க யாரும் வருவதில்லை.
ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு
தரையில் உட்கார்ந்தோம், பேப்பர் நடுவில்.

எனக்கு அம்மை போட்டிருந்த மாதத்தில்
வகுப்பில் பின்னம் நடந்தது.
திரும்பிப் போனபோது
எல்லாரும் ஒரு எண்ணின் தலையில்
இன்னொரு எண்ணை ஏற்றி வைத்திருந்தார்கள்.
ஏன் என்று யாரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
எட்டாவதோடு நின்றதற்கு வேறு காரணங்களும் உண்டு.
இதுவும் ஒன்று.

நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து.
அதற்குப் பெயர் விகிதமாம்,
போன மாதம் அவள் சொல்லித்தான் தெரியும்.

ஏழாம் நம்பர் கணக்கு:
அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டு.
மேலே இருந்ததை மேலோடு கூட்டி
கீழே இருந்ததைக் கீழோடு கூட்டி
ஐந்தில் இரண்டு என்று
தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதியிருந்தாள்.
அதன் மேல் ஜெசிந்தா டீச்சரின் சிவப்புப் பேனா.

தப்பு என்பது நாக்கு வரை வந்தது.
முழங்கை வரை உளுந்து நுரை.
அதைத் துடைத்து முடிப்பதற்குள்
வேறொன்று வந்துவிட்டது.
"இது எப்படிடி வந்துச்சு?"

அடி விழுமா என்று
கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள்.

"சனிக்கிழமை மேட்ச்ல ரெண்டு தடவ பாடிப் போனேன்,
ஒருக்கா தொட்டுட்டு வந்தேன்.
ஞாயித்துக்கிழமை மூணு தடவ,
அதுலயும் ஒருக்காதான்.
மொத்தம் அஞ்சுக்கு ரெண்டு.
கோச் அப்படித்தான் நோட்டுல எழுதுனாரு.
அவரு எழுதுனா சரி, நான் எழுதுனா தப்பா?"

விரல் மடக்கிப் பார்த்தேன்.
அஞ்சு. ரெண்டு.
சரியாகத்தான் இருந்தது.
பன்னிரண்டு வருஷம் வளர்த்தவளுக்கு
இன்றைக்குத்தான் தெரிகிறது,
இவள் யோசித்துத்தான் தப்பு செய்கிறாள்.

ஆனால் என் கை ஒத்துக்கொள்ளவில்லை.
அரை லிட்டர் மாவு ஊற்றிய பாத்திரத்தில்
இன்னும் கொஞ்சம் ஊற்றினால்
அரையை விடக் குறையுமா?
அப்படிக் குறைந்திருந்தால்
என்றைக்கோ கடையை மூடியிருப்பேனே.

"அப்ப மேட்ச்ல மட்டும் ஏன் சரியா வருது?"

தெரியலை என்றேன்.
பிள்ளையிடம் அதைச் சொல்வது
மிளகாய் கிள்ளிய கையைக் கண்ணில் வைப்பது மாதிரி.
எரிந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

ஆறு டம்ளர் பிடிக்கிற தூக்குவாளியை எடுத்தாள்.
வாளியில் பாதி, மூன்று டம்ளர்.
அதே வாளியில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு.
ஊற்றி முடித்தும் ஒரு டம்ளர் இடம் மிச்சம்.
"ஆறுல அஞ்சு" என்றாள்.
ஆனால் பேப்பரில் எழுதவில்லை.
விளிம்பில் வழிந்த மாவை விரலால் வழித்தபடி
வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் கூப்பிட்டுப் போனது.
நாய் ஒன்று ஷட்டருக்கு அடியில் தலையை நீட்டி
எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

"ம்மா, இங்க ரெண்டும் ஒரே வாளி.
அங்க மேட்ச் வேற வேற.
பாதின்னு சொன்னா
எதுல பாதின்னு மொதல்ல கேக்கணும்ல?"

கேட்கணும்தான்.
என் வயதில் நான் கேட்டிருக்க வேண்டியவை
வரிசையாக நினைவுக்கு வந்தன.
அவற்றை அரிசி மூட்டைக்கு அடியில் செருகிவிட்டு
எட்டாம் நம்பருக்குப் போனேன்.

மூன்றை அரையால் வகுத்தால் ஆறாம்.
வகுத்தால் குறையத்தானே வேண்டும்?
எப்படிக் கூடும் என்று நான் கேட்க,
அதானே என்று அவள் சொல்ல,
கரண்ட் போய்விட்டது.

இருட்டில்
அவள் டம்ளரைத் தேடும் சத்தம்.